கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடியும் பிஸ்கட் என்ற சுறாவும்

டுவைட் ஸ்டபிள்ஃபீல்டுக்குச் சளி பிடித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

டுவைட் மரியெட்டாவில் குழாய் வேலை பார்ப்பவன். ஆறடி மூன்று அங்குல உயரம், அதற்கேற்ற தொப்பை. டிசம்பர் சனிக்கிழமைகளில் எங்கள் அக்வேரியத்தின் பெரிய தொட்டிக்குள் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக இறங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைகளுக்குக் கை காட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா அவன்தான். ஆறு வருடமாக அந்த வேடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் மூக்கடைப்போடு ஆழத்துக்கு இறங்கினால் காதுச் சவ்வு கிழிந்துவிடும். அன்று காலை ஏழரைக்குப் போன் செய்தான்.

"லானி, இன்னைக்கு நீதான்யா தாத்தா."

"நானா? உன் சட்டைக்குள்ள என்னை மாதிரி மூணு பேர் குடித்தனம் பண்ணலாமேய்யா!"

"பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்க. தாடி மட்டும் ஜாக்கிரதை. ஒட்டுப்பட்டை நைஞ்சு கெடக்கு."

என் முழுப் பெயர் அலோன்சோ ஓகிள்ட்ரீ. அட்லாண்டாவின் மேற்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் போட்டவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் இரண்டு முழங்கால்களும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தன. டாக்டர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். ஒய்.எம்.சி.ஏ. குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், எட்டு அம்மாக்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக நடந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. என் அம்மாவின் சின்ன வயதில் எங்கள் கறுப்பின ஆட்களைப் பொதுக் குளங்களுக்குள் விடமாட்டார்கள். அவளுக்குத் தெரியாததை அவள் எப்படி எனக்குச் சொல்லித் தருவாள்? ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். உலகத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் ஒன்று தொட்டு ஒன்று. நீந்தக் கற்றேன், முக்குளிக்கக் கற்றேன், அலபாமாவில் ஒரு கல்குவாரித் தண்ணீரில் முக்குளிப்புப் பரீட்சை தேறிச் சான்றிதழ் வாங்கினேன். மூன்றாவது வருடம் அக்வேரியத்தில் சம்பளமில்லாத முக்குளிப்பாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தோறும் பாசி சுரண்டுவதும், தரையில் கிடக்கும் மீன் எச்சத்தை உறிஞ்சி எடுப்பதும் என் வேலை.

இதில் ஒன்றுகூட என் மனைவி எர்னஸ்டீனுக்குத் தெரியாது.

கல்குவாரிக்குப் போன நாட்களில் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னேன். திரும்பும் வழியில் கடையில் கெளுத்தி வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். அக்வேரியத்தில் சேர்ந்தபோது, பெங்குவின் பிரிவில் வருகிறவர்களுக்கு வழி காட்டும் வேலை என்று சொன்னேன்.

"பெங்குவின் உன் தலைமேல ஏறி உக்காருதா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். "தலைமுடி எல்லாம் உப்பு நாத்தம் அடிக்குதே."

"ரொம்பத் தண்ணி தெறிக்குது டீனி. சேட்டை புடிச்ச ஜென்மங்க."

கோழைத்தனம்தான். ஆனால் காரணம் இருந்தது. எர்னஸ்டீனுக்கு வெண்டல் என்று ஒரு தம்பி. எண்பத்து மூன்றாம் வருடம், ஜூலை மாதம், லேனியர் ஏரிக்கு நண்பர்களோடு போனான். அவள் கரையில் உட்கார்ந்து கோழி பொரித்துக்கொண்டிருந்தாள். படகிலிருந்து குதித்தவன் வரவில்லை. இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவைக்கூட சுற்றிக்கொண்டுதான் போவாள். நான் குளத்தில் இடுப்பளவில் நடக்கிறேன் என்றதற்கே ஒரு வாரம் தூங்கவில்லை. அவளிடம் போய், இருபத்திரண்டு அடி நீளச் சுறாவோடு நீந்துகிறேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் சொல்லலாம், ஈஸ்டர் முடியட்டும், கோடை முடியட்டும் என்று தள்ளித் தள்ளி டிசம்பர் வந்துவிட்டது.

அன்று அவள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் உடை மாற்றினேன்.

தொட்டி மேல்தளத்தில் கெசையா காத்திருந்தாள். முக்குளிப்பவர்களுக்கெல்லாம் தலைவி. இருபத்தொன்பது வயது, ஐந்தடிகூட இல்லை. டுவைட்டே அவள் குரலுக்கு நடுங்குவான். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிஸ்டர் லானி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"கொடிக்கம்பத்துல சிவப்புத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கீங்க."

"முப்பத்தொரு வருஷம் நடந்த உடம்பு. தொப்பைக்கு எங்க போறது?"

சட்டைக்குள் காற்று தங்கி என்னை மேலே தூக்கிவிடாமல் இருக்க, இடுப்பில் கூடுதலாக ஈயக் கட்டிகளைக் கட்டினாள். முகம் முழுவதையும் மூடுகிற கண்ணாடி முகமூடியை மாட்டினாள். அதற்குள்ளேயே ஒலிவாங்கி உண்டு. நான் பேசுவது கூடத்தில் ஒலிபெருக்கியில் கேட்கும். அவர்கள் பேசுவது என் காதில் கேட்கும். முகமூடியின் கீழ்விளிம்பில் தாடியை ஒட்டினாள். பட்டையை இரண்டு தடவை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அரை மணி நேரம் தாங்கும்னு நெனைக்கிறேன். விதி ஞாபகம் இருக்கில்ல?"

"உள்ள போனது எல்லாம் வெளிய வரணும்."

தொட்டியில் அதுதான் முதல் விதி. ஒரு ரப்பர் வளையம் தவறி விழுந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஏனென்றால் உள்ளே பிஸ்கட்டும் கிரேவியும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டில் இந்த இரண்டும் ஒரே தட்டில்தான் வரும். அதனால் இரண்டு திமிங்கலச் சுறாக்களுக்கும் அந்தப் பெயர். பிஸ்கட் பெரியவள். கதவு அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு, வருகிற தண்ணீரையெல்லாம் உள்ளே இழுத்துச் சலித்துத் தின்பாள். மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். முப்பத்தொரு வருடம் நாய்களுக்குப் பயந்து வேலி தாண்டியவனுக்கு, கடிக்கவே தெரியாத அந்த ஜீவன்மேல் தனி மரியாதை. ஆனால் அவளுடைய தொண்டை ஓர் ஆரஞ்சுப் பழம் நுழைகிற அளவுதான். கண்டது உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும்.

கெசையாவும் அதே மாதிரி முகமூடி மாட்டிக்கொண்டு காவலுக்கு என் பக்கத்திலேயே இறங்கினாள். நாங்கள் இருவரும் மெல்ல அடித்தரைக்குப் போனோம். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று லேசாகும். அன்றும் அப்படித்தான். யானைத்திருக்கை ஒன்று தலைக்கு மேலே விரித்த பாயாகப் போனது. அதற்கும் மேலே கிரேவியின் வெள்ளை வயிறு. தூரத்தில் பிஸ்கட் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுப் புள்ளிகள், பொழுது சாயும்போது தெருவிளக்குகள் வரிசையாக எரியத் தொடங்குகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

பெரிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டினேன். கூடம் முழுக்கப் பிள்ளைகள். கத்தல் காதைப் பிளந்தது.

"ஹோ ஹோ ஹோ! அட்லாண்டாப் பிள்ளைகளா, எல்லாரும் சமத்தா இருந்தீங்களா?"

"ஆமாஆஆ!"

"பொய் சொன்னா மீனுக்குத் தெரிஞ்சுடும்!"

சிரிப்பு. எனக்கே என்மேல் ஒரு பெருமை. டுவைட்டைவிட நன்றாகவே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வலதுபக்கம் திரும்பினேன். அங்கே ஊதா நிறக் கோட்டும், அதே நிறத்தில் இறகு வைத்த தொப்பியுமாக எர்னஸ்டீன் நின்றுகொண்டிருந்தாள்.

என் மூச்சு நின்றது. முக்குளிப்பவன் எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை நிறுத்தக் கூடாது. கெசையா உடனே என் தோளைத் தட்டி, சரியா என்று விரல் சைகையில் கேட்டாள். சரி என்று காட்டினேன்.

ஞாயிறு பள்ளி நடத்துகிற சகோதரி பெர்லீனுக்கு அன்று காலையில் முதுகு பிடித்துக்கொண்டதாம். பதினாலு பிள்ளைகளை அக்வேரியம் கூட்டிப் போகிற பொறுப்பு எர்னஸ்டீன் தலையில் விழுந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி தடிமனுள்ள கண்ணாடியும் ஒரு பொய்த் தாடியும்தான் இருக்கின்றன என்பது. நல்லவேளை, முகமூடியில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்ததால் கண்கள் தெரிந்திருக்காது. குரலை மட்டும் அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டேன்.

கூடத்தில் ஒரு பெண் ஒலிவாங்கியோடு பிள்ளைகளிடம் போனாள். எர்னஸ்டீன் கூட்டி வந்த ஸூரி என்கிற பெண் முதலில் பிடித்துக்கொண்டாள். ஏழு வயது, வாய் எழுபது.

"சாண்டா, உங்க மான் வண்டி எங்க?"

"மேல கார் பார்க்கிங்ல நிக்குது."

"மானுக்கு யாரு காசு போடுவா மெஷின்ல?"

"அது... என்கிட்ட வேலை பாக்குற குள்ளப் பசங்க பார்த்துப்பாங்க."

"சாண்டா, உங்க வீட்டம்மா உங்களைச் சுறாகூட விளையாட விடுவாங்களா?"

கூடம் சிரித்தது.

"அவங்ககிட்ட... இன்னும் சொல்லலைம்மா."

"அச்சச்சோ," என்றாள் ஸூரி. உண்மையிலேயே கவலைப்பட்டாள்.

அப்போது எர்னஸ்டீன் குனிந்து ஒலிவாங்கியை வாங்கினாள். பிள்ளைகளுக்காகக் கேட்கிற மாதிரி இல்லை; தனக்காகக் கேட்கிற குரல் அது. எனக்கு அந்தக் குரல் தெரியும்.

"சாண்டா, ஒண்ணு கேக்கணும். அவ்வளவு தண்ணிக்கு அடியில இருக்கீங்களே. பயமே இல்லையா?"

என்ன வேடிக்கை பேசுவதென்று யோசித்தேன். பிறகு வேடிக்கையை விட்டுவிட்டேன்.

"முதல் நாள் ரொம்பப் பயம்," என்றேன், அதே கட்டைக் குரலில். "இப்ப இல்ல. பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க. மேல ரெண்டு பேர் என்னையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. தனியா யாரையும் விடமாட்டாங்க, மேடம்."

அவள் தலையாட்டினாள். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். தப்பித்தோம் என்று நினைத்த அந்த நொடியில் கலவா மீன் வந்தது.

எங்கள் தொட்டியில் ஒரு கிழட்டுக் கலவா உண்டு. கன்றுக்குட்டி அளவு உடம்பு, எதைப் பார்த்தாலும் வாயில் வைத்துப் பார்க்கிற குணம். டுவைட்டின் அகலத்தைப் பார்த்து அது எட்டவே நின்றிருக்கும். என்னை மதிக்கவில்லை. கீழேயிருந்து நேராக வந்து தாடியை 'டப்'பென்று உறிஞ்சியது. பட்டை பிய்ந்தது. தாடி முழுசாக அதன் வாய்க்குள். கெசையா பாய்ந்து வந்து கையை வீச, அது மிரண்டு தாடியைத் துப்பிவிட்டுப் பின்வாங்கியது. போகிற போக்கில் வால் அடித்ததில் என் தொப்பியும் பறந்தது.

சிவப்புத் தொப்பி ஒரு பக்கம், வெள்ளைத் தாடி ஒரு பக்கம். "தொப்பி எனக்கு! தாடி உங்களுக்கு!" என்று காதுக்குள் கெசையா கத்தினாள். என் மூச்சுக் குமிழிகளில் சிக்கித் தாடி புகையாகச் சுழன்று மேலே போனது. நிமிர்ந்து பார்த்தேன். அது போகிற திசையில் பிஸ்கட் வாயைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சட்டையோடு நீந்துவது, நனைந்த மெத்தையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி. உதைத்தேன். ஈயக் கட்டிகள் கீழே இழுத்தன. மறுபடி உதைத்தேன். முழங்கால் இரண்டும் முனகின. பிஸ்கட்டுக்கு எந்த அவசரமும் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு வருகிற பேருந்து மாதிரி நிதானமாக வந்தாள். தாடியின் நுனி அவள் வாயை நோக்கி நீண்டது. ஒலிவாங்கி திறந்திருப்பது சுத்தமாக மறந்துபோய்விட்டது.

"ஆண்டவரே, என் தபால் பையே! பிஸ்கட்டு, வேணாம்டி! வாயை மூடுடி கண்ணு! அது பாலியெஸ்டர்டி!"

கடைசி உதையில் இரண்டு விரல் நுனிகளுக்குள் நாலு இழை கிடைத்தது. இழுத்தேன். மொத்தத் தாடியும் அவள் உதட்டோரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. உடனே, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, உடம்பைச் சுருட்டிக் கீழே விழுந்தேன். அவள் என்மேல் கடந்து போனாள். தலை, பிறகு செவுள்கள், பிறகு முடிவே இல்லாத அந்த வயிறு. கடைசியாக வால் ஒருமுறை அசைய, அந்தத் தண்ணீர் என்னைக் கண்ணாடி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது. நேராக எர்னஸ்டீன் முகத்துக்கு முன்னால்.

தாடி கையில். தொப்பி இல்லை. விளக்கு என் முகத்தின்மேல். 'என் தபால் பையே' என்று பதறுகிறவன் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் என்பது முப்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

கூடம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் கை நீண்டு ஒலிவாங்கியைப் பறித்ததைப் பார்த்தேன்.

"அலோன்சோ ஜெஃபர்சன் ஓகிள்ட்ரீ!"

என் முழுப் பெயரை அவள் அப்படிச் சொல்வது அரிது. கைதட்டல் நின்றது. நூறு பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பதினாலு பேர் அவளோடு வந்தவர்கள். ஸூரி அண்ணாந்து கேட்டாள்.

"மிஸ் டீனி, சாண்டாவோட பேரு அதுவா?"

எர்னஸ்டீன் என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள், ஒலிவாங்கியிலேயே. "அதுதான் சாண்டாவோட முழுப் பேரு. தப்புப் பண்ணும்போது மட்டும்தான் அப்படிக் கூப்புடுவாங்க."

"சாண்டா என்ன தப்புப் பண்ணாரு?"

"அதை அவரே என்கிட்ட சொல்லுவாரு. மேல வந்ததும். பின்பக்கக் கதவுகிட்ட."

ஸூரி இதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடியில் இரண்டு கைகளையும் ஊன்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பிக் கத்தினாள்: "டே டேரியஸ்! சாண்டா நம்ம மாதிரி கறுப்புத்தான்! நான் சொன்னேன்ல? ஸ்கூல்ல சண்டை போட்டியே, இப்பப் பாரு!"

பதினாலு பிள்ளைகளும் கண்ணாடிக்கு ஓடி வந்தார்கள். முகமூடிக்குள் எனக்குக் கண் கரித்தது. உப்புத் தண்ணீர் உள்ளே வரவில்லை; வந்தால் தெரியும்.

மேலே ஏறியதும் கெசையா தொப்பியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வீட்ல சொல்லவே இல்லையா, மிஸ்டர் லானி? எட்டு மாசமா?"

"பெங்குவின் பிரிவுன்னு சொல்லியிருக்கேன்."

"கடவுளே. பெங்குவினா?"

பின்பக்கக் கதவைத் திறந்தேன். சிவப்புக் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இன்னொரு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு எர்னஸ்டீன் தனியாக நின்றிருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"பெங்குவினு," என்றாள்.

"டீனி..."

"கெளுத்தி மீனு?"

"கடையில வாங்கினது."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். எந்த ஏரியில மீன் குடலை எடுத்துட்டு நீந்துது? வேற எவளையோ பாக்கப் போறன்னு நெனைச்சேன். பெர்லீன்கிட்ட சொல்லி அழுதேன்யா. அவ உனக்காக ரெண்டு மாசம் ஜெபம் பண்ணினா!"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஐயோ டீனி, இல்ல. அப்படி ஒண்ணுமே..."

"தெரியுது. பாத்தேனே உன் அவளை. இருபது அடி நீளம். கண்ணுங்கற, வாயை மூடுடிங்கற."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். கூடாது என்று அவள் முகம் சொன்னது.

"வெண்டலை நெனைச்சுத்தான் சொல்லலை," என்றேன். "உனக்கு அந்த நாள் திரும்ப வரக் கூடாதுன்னு."

அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"நீ கரையில நின்னு காத்திருந்தது இல்ல, லானி. நான் நின்னிருக்கேன். ரெண்டு நாள் நின்னேன். அவன் எங்க இருக்கான், எப்படி இருக்கான், ஒண்ணும் தெரியாது. வெறும் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னேன்." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "நீ உள்ள போய், எனக்குத் தெரியாமலே ஏதாவது ஆகியிருந்தா? உன்னைப் பெங்குவின்கிட்ட தேடியிருப்பேன்யா. தெரியாத எடத்துல போய்த் தேடியிருப்பேன்."

தப்பு, மன்னிச்சுடு என்று சொன்னேன். அவள் மன்னிக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"இங்க யாரு பெரிய ஆளு?"

கெசையா வெளியே வந்தாள். அடுத்த முக்கால் மணி நேரம் நான் ஈரச் சட்டையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எர்னஸ்டீன் அந்தச் சின்னப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தாள். காற்று தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது குழாய் எங்கே, காட்டு. மேலே நிற்கிற ஆள் போன் பார்த்துக்கொண்டு நின்றால்? அவனுக்கு நீச்சல் தெரியுமா? ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்? இந்த ஆளுக்கு அறுபத்தொரு வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறான், அதைச் சொன்னானா? "சொன்னாரு மேடம், டாக்டர் சீட்டு இருக்கு," என்றாள் கெசையா. "ஓ, உன்கிட்ட மட்டும் எல்லாம் சொல்லியிருக்கான்," என்றாள் எர்னஸ்டீன். ஒவ்வொரு கேள்விக்கும் கெசையா பொருளை எடுத்துக் கையில் கொடுத்து விளக்கினாள். கடைசியில், "வாங்க, மேலேருந்து பாருங்க," என்று தொட்டி மேல்தளத்துக்குக் கூட்டிப் போனாள். எர்னஸ்டீன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உயிர்காப்பு மேலங்கியை ஊதாக் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஓரடி ஓரடியாக நடந்தாள். அவள் காலுக்குக் கீழே பிஸ்கட் போனாள்.

"எவ்வளவு பெருசு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அது ஒரு சுற்று சுற்றி மறுபடி வரும்வரை நின்றாள்.

பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில், கோழி இறக்கைக் கடை முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். லெமன் பெப்பர் இறக்கை ஒரு பெட்டி வாங்கினோம். காருக்குள்ளேயே தின்றோம். எனக்கு இரண்டுதான் கொடுத்தாள்.

"உன் முகம்," என்றாள் எலும்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. "அந்த ராட்சசி உன்னைத் தாண்டிப் போனப்போ. நம்ம பொண்ணு பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரியில பாத்தேன் அந்த முகத்தை. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

"அப்ப நான் போகலாமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? கோவம் போகட்டும், யோசிக்கிறேன்."

கோபம் போக ஐந்து வாரம் ஆனது. கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' பலகாரம் சுட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என் தட்டில் மட்டும் ஓரத்தை வைத்தாள். சகோதரி பெர்லீன் தேவாலயத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஜெபம் வீணாகிப்போன வருத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஐந்து வாரமும் நான் அக்வேரியத்துக்குப் போகவில்லை. டுவைட் போன் செய்து, "யோவ், பிஸ்கட்டு உன்னைக் கேட்டுச்சுய்யா," என்று வெறுப்பேற்றினான்.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எர்னஸ்டீன் ஒரு கடைப் பையோடு சமையலறைக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து பூப்போட்ட நீச்சலுடையும் ரப்பர்த் தொப்பியும் எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டையும் எதிரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நீ மறுபடி போகணும்னா, எனக்கு அது என்னன்னு தெரியணும். ஒய்.எம்.சி.ஏ.ல பத்து மணிக்கு வகுப்பு. எழுந்திரு."

"டீனி, நீ கட்டாயம்..."

"வாயைத் தொறந்த, நான் மனசு மாறிடுவேன். எழுந்திருய்யா."

குளத்தின் ஆழமில்லாத பக்கம், மூன்றரை அடித் தண்ணீர். ஏணியில் முதல் படியில் இறங்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது படிக்கு அதைவிட அதிகம். வகுப்பு எடுக்கிற பெண் அவசரப்படுத்தவில்லை. என்னோடு முன்பு நடந்த அம்மாக்கள் தூரத்தில் நடந்தபடி ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இடுப்புவரை தண்ணீர் வந்ததும் எர்னஸ்டீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்றைக்கும் அந்த நகக்குறி இருக்கிறது.

"முகத்தை வைக்கணுமாம்," என்றேன். "ஒரே ஒரு நொடி. நான் பிடிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியும் என்ன செய்யணும்னு. நீ பேசாம இரு."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஜெபமா, என்னைத் திட்டினாளா, வெண்டலிடம் ஏதாவது சொன்னாளா, தெரியாது. மூச்சை இழுத்தாள். குனிந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீரில் பெரிய பெரிய குமிழிகள் வெடித்தன. நான் இழுக்கப் போனேன், அவளே நிமிர்ந்தாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வடிய, தொப்பி ஒரு காதுமேல் ஏறியிருக்க, இருமினாள், துப்பினாள், என் தோளில் ஓர் அடி வைத்தாள். தூரத்தில் நடந்துகொண்டிருந்த அம்மாக்கள் எல்லாம் நின்று கைதட்டினார்கள்.

"உள்ள சத்தமே இல்ல," என்றாள்.

"இல்லல்ல?"

"ஒண்ணுமே கேக்கலை, லானி." முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டாள். மறுபடி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். "சரி, நகரு. இன்னொரு தடவை."